சோறும் வைக்கோலும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

நெடுங்காட்டில் பிறந்தவர்களுக்கு நெல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றங்காலின் பச்சையும், நடவு நாளின் சேற்று மணமும், தை மாதத்துக் களத்துத் தூசியும் எங்களோடு கூடவே வளர்ந்தவை. என் தந்தையார் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். மற்ற நாட்களில் கூலி வேலைக்கும் போகிறவர். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே மின்கட்டண ரசீது முதல் மருந்துச் சீட்டு வரை வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். "படிச்ச புள்ள சொல்லட்டும்" என்பது எங்கள் வீட்டில் எல்லா வழக்குக்கும் தீர்ப்பு. அந்தப் பெருமையால் விளைந்த ஒரு தவற்றையும், அதிலிருந்து மாவுச்சத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. பிழையிருந்தால் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் முதலாண்டு சேர்ந்த ஆடி மாதத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அடிக்கடி தாகம், இரவில் நாலைந்து முறை எழுந்திருத்தல், உடம்பு இளைப்பு. வேலை செய்கிற உடம்புக்கு இதெல்லாம் வராது என்று நாங்கள் நினைத்திருந்தோம். சோதித்த மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சோத்தைக் குறைங்க. ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடுங்க" என்றார். வெளியில் நீண்ட வரிசை நின்றதால் அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. திரும்பி வரும்போது அப்பா பேருந்தில் ஒன்றும் பேசவில்லை. இறங்கி நடக்கும்போது, இருபுறமும் குறுவை நின்ற வயலைப் பார்த்தபடி, "வெளைய வைக்கிறவன் திங்கக் கூடாதாம் பாப்பா" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா தனி ஆள் அல்லர் என்பது பின்னர் தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், வளர்ந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் என்றும் அது கூறியது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் கோவாவுக்கு, 26.4 விழுக்காடு. இரண்டாவது நம் புதுச்சேரி, 26.3 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ நாலில் ஒருவர். நம் வகுப்பில் அறுபது பேர் என்றால் அறுபது தந்தையரில் பதினைந்து பேராவது இருக்கக்கூடும். இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டு அலமாரியிலும் அந்த மாத்திரைப் பட்டை இருக்கும்.

அந்தப் பருவத்தில்தான் செய்முறை வகுப்பில் அயோடின் சோதனை வந்தது. கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மை கொட்டினாற்போல் கருநீலம். பள்ளியிலேயே பார்த்ததுதான், ஆனால் அன்று எங்கள் பேராசிரியர் ஏன் அந்த நிறம் என்று விளக்கினார். மாவுச்சத்தில் இருவகைச் சங்கிலிகள் உண்டு. ஒன்று அமைலோஸ், கிளையில்லாதது; கம்பிச்சுருள்போல் சுருண்டிருப்பது. அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்துகொள்ளும்போதுதான் நீலம் தோன்றுகிறது. மற்றது அமைலோபெக்டின், கருவேல மரம்போல் கிளைகிளையாய்ப் பிரிந்தது. இரண்டும் கட்டப்பட்டிருப்பது குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையால். சோறு உதிரியாக இருப்பதும் குழைவதும், வயிற்றில் மெதுவாகக் கரைவதும் விரைவாகக் கரைவதும் பெரும்பாலும் இந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்தவை. கிளை மிகுந்தால் நொதி கடிப்பதற்கு முனைகளும் மிகுதி.

கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு மணியை நசுக்கி நாவில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இனிப்பு நினைவிருக்கும். இலை வெயிலில் சமைத்த சர்க்கரை தண்டு வழியே மணிக்கு வந்து, அங்கே மாவுச்சத்தாகக் கோக்கப்படும் நேரம் அது. அதே இலையின் அதே சர்க்கரையில் மற்றொரு பங்கு தண்டிலேயே தங்கிச் செல்லுலோஸாகிறது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1838-இல், அன்செல்ம் பாயேன் என்ற பிரெஞ்சு வேதியியலார் அதைத் தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்தார். மாவுச்சத்தை உடைக்கும் நொதியையும் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் பெர்சோ என்பவரோடு சேர்ந்து அவரே பிரித்திருந்தார். செல்லுலோஸிலும் குளுக்கோஸைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பாயிருந்தது. வேறுபாடு முடிச்சில் மட்டும். மாவுச்சத்தில் ஆல்பா முடிச்சு. சங்கிலி சுருண்டு நெகிழ்ந்து கிடக்கும். செல்லுலோஸில் பீட்டா முடிச்சு. சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு இறுகிக் கிடக்கும், நாம் முறுக்கும் வைக்கோல் பிரியைப்போல. நம் உமிழ்நீரிலும் குடலிலும் உள்ள நொதிக்கு முதல் முடிச்சை அவிழ்க்கத் தெரியும். இரண்டாவதைத் தொடக்கூடத் தெரியாது. மாட்டுக்கும் தானாகத் தெரியாதாம். அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் அவிழ்த்துத் தருகின்றன.

எங்கள் மூன்று மா நிலத்தை நினைத்துப் பார்த்தேன். தையில் நெல், அதாவது மாவுச்சத்து. அதன் தாளும் வைக்கோலும் செல்லுலோஸ். அறுவடைக்குப் பின் அதே வயலில் பருத்தி போடுகிறோம். காரைக்கால் பக்கத்தில் நெல் தரிசுப் பருத்தி வழக்கம்தானே. பஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செல்லுலோஸ். ஆக, நாங்கள் விற்பதெல்லாம் ஒரே சர்க்கரைதான். ஒரு முடிச்சுப் போட்டால் சோறு; வேறு முடிச்சுப் போட்டால் வேட்டி. அந்த வேட்டிக்குக் கஞ்சி போடும்போது இரண்டும் மறுபடி ஒன்று சேர்கின்றன என்று வகுப்பில் நான் சொன்னபோது பேராசிரியரே சிரித்துவிட்டார்.

இந்த உற்சாகத்தில்தான் தவறு நேர்ந்தது. ஐப்பசி அடைமழையில் கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்த நாட்களில், பழைய சோற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். சோறு ஆறும்போது அதன் அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் அணிவகுத்து இறுகிவிடுகின்றன. அந்த இறுகிய பகுதியை நம் நொதி எளிதில் உடைக்க முடியாது. அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் போய் அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. இதற்குச் 'செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து' என்று பெயர். ஹான்ஸ் இங்ளிஸ்ட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1982-இல் இங்கிலாந்தில் இதைக் கண்டு பெயரிட்டார்கள். ஆறிய சோற்றில் அதன் அளவு இரண்டு மடங்காகிறது என்று அந்தக் கட்டுரையில் இருந்தது. இரண்டு மடங்கு! எங்கள் அப்பாயி எழுபது வயது வரை காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் தின்று நிமிர்ந்து நடந்தவர். பாட்டி சொன்னதைப் பாரிசும் லண்டனும் ஒப்புக்கொள்வதுபோல் எனக்கு இருந்தது. அன்று மாலையே அப்பாவிடம், "பழையது சாப்பிடலாம்ப்பா. சக்கரை ஏறாது. ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது? மூன்று மாதமாகச் சப்பாத்தியை ரப்பர்போல் மென்றுகொண்டிருந்தவர் அவர். மறுநாள் காலை பெரிய கும்பாவில் பழையது. இரவும் அதுவே. நான் சொன்னதில் அளவு இல்லை. ஆகவே அவரும் அளவு வைக்கவில்லை. அது மட்டுமல்ல, உணவிலேயே மருந்து இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது.

தை அறுவடை. இயந்திரம் அறுத்துவிட்டுப் போன வயலில் வரப்போரத்து மூலைகளை ஆள்தான் அறுக்க வேண்டும். அப்பா வெறுங்காலோடு இறங்கியவர்; தாள் உள்ளங்காலில் குத்திவிட்டது. நெல் தாளில் செல்லுலோஸோடு மணற்சத்தாகிய சிலிக்காவும் மிகுதி. காய்ந்தால் ஊசிபோல் நிற்கும். விவசாயி காலில் தாள் குத்துவது ஒரு செய்தியே அல்ல. மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். பத்து நாளாகியும் புண் ஆறவில்லை. பதினைந்தாம் நாள் கால் வீங்கி, புறங்கால் கறுத்தது. மருத்துவமனையில் சர்க்கரை 318 என்றார்கள். காயத்தைச் சுத்தம் செய்தவர், இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டபோது அப்பா என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கும் பார்வை அல்ல அது. என்ன சொல்லலாம் என்று கேட்கும் பார்வை. படித்த பிள்ளைதானே சொல்ல வேண்டும்.

விரல்கள் தப்பின. ஆறு வாரம் கட்டு மாற்றினோம்.

கல்லூரிக்குத் திரும்பியதும் என் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "இரண்டு மடங்குன்னா எதுல இரண்டு மடங்கும்மா? கிராம் போட்டுப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அந்தக் கட்டுரைக்கு அடிப்படையான ஆய்வைத் தேடிப் பிடித்தேன். அது 2015-இல் இந்தோனேசியாவில் வந்தது. அப்போதே வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் எதிர்ப்பு மாவுச்சத்து. அறைவெப்பத்தில் பத்து மணி நேரம் ஆறிய சோற்றில் 1.30 கிராம். ஒரு நாள் முழுதும் குளிர்பெட்டியில் வைத்து மீண்டும் சூடாக்கினால் 1.65 கிராம். ஆம், இரண்டு மடங்குதான்; பொய்யில்லை.

இனி அப்பாவின் கும்பா. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடை மின்தராசில் வைத்தேன். கடைக்காரர், "என்ன பாப்பா, சோத்தை எடை போட்டு விக்கப் போறியா?" என்றார். கும்பாவின் எடை போக, தண்ணீரை வடித்த சோறு 700 கிராம். சோற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பங்கு மாவுச்சத்து. ஆக ஒரு வேளைக்கு 196 கிராம். ஆறியதால் கூடுதலாகச் செரிக்காமல் போவது 100 கிராமுக்கு 0.66, எழுநூறு கிராமுக்கு 4.6 கிராம். மீதி ஏறத்தாழ 190 கிராம் அத்தனையும் இரத்தத்துக்குத்தான் போகிறது! கடைவாசலில் நின்று கைப்பேசியில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதைப் போடத் தெரியாமலா நான் பட்டப்படிப்புக்கு வந்தேன்?

பழைய சோற்றின்மேல் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. அதன்மேல் பழியும் இல்லை. அந்த ஆய்விலேயே, ஆற வைத்துச் சூடாக்கிய சோற்றைத் தின்றவர்களுக்குச் சர்க்கரை சற்றுக் குறைவாகவே ஏறியது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அந்த மாவுச்சத்திலிருந்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை ஆக்குகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு அதுவே முக்கியமான எரிபொருள். குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்பதைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆராயப்போவதாக 2021-இல் செய்தி வந்தது. நீரில் ஊறி நொதிக்கும் நம் பழையதும், குளிர்பெட்டியில் வைத்த இந்தோனேசியச் சோறும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் குடலுக்கு நல்லது என்பது வேறு, சர்க்கரைக்கு மருந்து என்பது வேறு. நான் இரண்டையும் ஒரே பானையில் கொட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆழாக்குதான் மருத்துவர். அம்மா வழக்கமாகக் கையால் அள்ளி உலையில் போடுகிறவர். இப்போது அளந்து போடுகிறார். அப்பாவின் சோறு பாதியாகக் குறைந்தது. அந்த இடத்தை நிரப்ப, எங்கள் வரப்போரத்துக் கீரையும், தரிசில் விளைந்த உளுந்தும் பயறும் வந்தன. மாத்திரை தவறுவதில்லை. முதல் மாதம் அப்பா பசியில் சுவரை முறைத்துக்கொண்டிருப்பார். "தட்டுல பாதி காலியா கெடந்தா சாப்ட மாரியே இல்ல" என்பார். சிறிய தட்டு வாங்கினோம். சிரிக்காதீர்கள், அது வேலை செய்தது.

சப்பாத்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2025-இல் வந்த மற்றொரு முடிவு, அதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்விலிருந்து: இந்தியர் உண்ணும் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்து, சர்க்கரை வகைகளிலிருந்தே வருகிறது. வெள்ளை அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைந்துவிடவில்லை. மொத்த அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதம் சேர்ந்தால்தான் பயன். அப்பா ஆறு சப்பாத்தி தின்றுகொண்டிருந்தார். அதுவும் அந்த 62-இல்தான் சேரும். மருத்துவர் முதலில் சொன்னது "சோத்தைக் குறைங்க" என்றுதான். நாங்கள் பிடித்துக்கொண்டது "சப்பாத்தி" என்ற சொல்லை.

எல்லா அரிசியும் ஒன்றல்ல என்பதும் உண்மை. டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் குழுவினரும் கனடாவின் டொராண்டோவில் 1981-இல் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஓர் உணவை உண்டபின் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதைக் குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவது அது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் 235 நெல் ரகங்களை ஆராய்ந்ததில் 48 முதல் 92 வரை இந்த எண் விரிந்தது. நம் ஆடுதுறை 43 ரகத்திலிருந்து திடீர்மாற்ற முறையில் நார்ச்சத்து மிகுந்த வெள்ளை அரிசி ஒன்றைச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் உருவாக்கினார்கள். சாதாரண வெள்ளை அரிசிக்கு 79 என்றால் அதற்கு 61. நாம் தின்னும் புழுங்கலிலும் ஒரு நன்மை உண்டு. உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து மணிக்குள் இறங்குகிறது. உலரும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகுகிறது. ஆலையில் எவ்வளவு தீட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த நன்மையில் ஒரு பகுதி தவிடாகவே போய்விடும்.

இதையெல்லாம் நான் அப்பாவிடம் பெருமையோடு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வியாபாரி நெல்லை உள்ளங்கையில போட்டுத் தேச்சுப் பாக்குறான், பல்லுல கடிச்சு ஈரம் பாக்குறான், வெல சொல்றான். சக்கரை எவ்ளோ ஏறும்னு பாத்தா வெல சொல்றான்?" எனக்கு விடை இல்லை. சன்ன ரகத்துக்கும் வெண்மைக்கும் கூடுதல் விலை கிடைக்கிறது, எண்ணுக்குக் கிடைப்பதில்லை. குத்தகை நெல்லும் உரக் கடனும் தலைமேல் இருக்கிற உழவன் அந்த எண்ணுக்காக மட்டும் நெல்லை மாற்றிப் போட மாட்டான். நம் ஊர் எல்லையிலேயே, செருமாவிலங்கையில், பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி 1987 முதல் இருக்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வரும். நெல்லின் குணத்துக்கு விலை கிடைக்க வழி செய்வது வேதியியல் அல்ல. பொருளியல் துறை நண்பர்கள் யாரேனும் இதை எடுத்து எழுதினால் நன்று.

கட்டுப் போட்ட காலோடு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்களில் மற்றொரு கேள்வி கேட்டார். எதிரே வைக்கோல் போர். "இதுவும் சக்கரைதான்னு சொல்றியே, மனுசன் திங்கிற மாரி ஆக்க முடியாதா?"

முடியும், இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பூஞ்சை. நம் குடலுக்குத் தெரியாத முடிச்சை அதற்கு அவிழ்க்கத் தெரியும். வைக்கோலில் காளான் வளர்க்கும் முறையைக் கோயம்புத்தூரில் 1943-லேயே செய்து காட்டியிருக்கிறார்கள். இவ்வாண்டு புரட்டாசியில் நானும் முயன்றேன். சிப்பிக் காளான், வைக்கோலைத் துண்டாக்கி ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் சொட்டாமல் உலர்த்தி, நீளமான பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்குக் காளான் விதை என்று அடைத்து, மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் சாக்குத் தட்டி கட்டித் தொங்கவிட்டேன். ஐந்து பைகள். இரண்டில் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. வைக்கோலைச் சரியாக வேகவைக்கவில்லை, விறகு மிச்சம் பிடித்தேன், அதன் தண்டனை. மூன்று பைகளில் இருபத்தைந்து நாளில் மொட்டு விட்டது. அம்மா மிளகு போட்டு வறுத்தார். அப்பா ஒரு துண்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "வைக்கப்போரு வறுவல்" என்று பெயர் வைத்துத் தின்றார். சர்க்கரை ஏற்றாத, கொஞ்சம் புரதமும் உள்ள உணவு. எங்கள் பசுவுக்கு மட்டும் கொஞ்சம் மனக்குறை இருந்திருக்கலாம்.

வைக்கோலை நிலத்தில் மடக்கி உழுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உழுதவுடன் விதைத்தால் பயிர் மஞ்சளாகிறது என்று எங்கள் தெருவில் பலர் சொல்வதுண்டு. வைக்கோலில் கார்பன் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளத் தழைச்சத்தை மண்ணிலிருந்தே கடன் வாங்கிக்கொள்கின்றன. பயிருக்கு மிஞ்சுவதில்லை. சில வாரம் பொறுத்தாலோ, மக்க வைத்துப் போட்டாலோ அந்தக் கடன் திரும்பி வந்துவிடும். காளான் எடுத்து முடித்த பைகளின் வைக்கோல் பாதி சிதைந்தே இருக்கும். அதை எருக்குழியில் போட்டிருக்கிறோம்.

செல்லுலோஸைக் கொண்டு தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 'பூசா ஹைட்ரோஜெல்' என்ற பொருளைச் செய்திருக்கிறார்கள். தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மண் காயும்போது வேருக்கு மெல்ல விடும் குருணை அது. ஓர் ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ. காவிரியின் கடைமடை நாம்; மேட்டூரில் திறந்த நீர் நம்மிடம் வந்து சேரும்போது களைத்துப்போயிருக்கும். நெல்லறுத்தபின் மிஞ்சிய ஈரத்தை நம்பியே உளுந்தும் பருத்தியும் நிற்கின்றன. அந்த ஈரத்தைப் பத்து நாள் கூடுதலாகப் பிடித்து வைக்க முடிந்தால் எங்களைப் போன்றோருக்கு அது பெரிய காரியம். ஆனால் இந்தமுறை நான் அப்பாவிடம், "350 மடங்கு" என்று சொல்லவில்லை. "ஒரு கிலோ குருணை 350 லிட்டர் தண்ணி பிடிக்கும்பா, அது ரெண்டு பீப்பாய்கூட இல்லை. ஒரு மூலையில மட்டும் போட்டுப் பார்க்கலாம்" என்றேன். அப்பா, "இப்பத்தான் புள்ள கணக்குப் பேசுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

பனையைப் பற்றி எழுதவில்லையே என்று கடற்கரைப் பக்கத்து நண்பர்கள் வருந்த வேண்டாம். நுங்கின் வழவழப்பும் ஒரு சர்க்கரைச் சங்கிலிதான். அது முற்றிக் கல்லாகி, முளைக்கும்போது மறுபடி கரைந்து, பனங்கிழங்கில் மாவுச்சத்தாக வந்து சேருகிற கதை தனிக் கட்டுரைக்கு உரியது. மலர்க்குழுவினர் எனக்குத் தந்த பக்கங்கள் முடிந்துவிட்டன.

சென்ற மாதம் சோதித்தபோது அப்பாவுக்குச் சாப்பிட்டபின் 172. மருத்துவர் இன்னும் குறையலாம் என்றார். இந்தத் தை அறுவடைக்கு அப்பா காலில் ரப்பர் செருப்போடு வயலில் இறங்கினார். வயலுக்குள் செருப்போடு இறங்குவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர், "என்னப்பா, பூமாதேவி மேல செருப்புக் காலோட?" என்று கேட்டார். அப்பா குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம் பொண்ணு சொல்லிருக்குங்க" என்றார். உண்மையில் அதைச் சொன்னவர் மருத்துவர். நான் திருத்தவில்லை; அரிவாளை எடுத்துக்கொண்டு மறு மூலைக்குப் போனேன்.